குப்பை என்று கழற்றியதெல்லாம் எங்கள் சுவரில்

என் கணவருக்கு ஊரில் பெயர் 'லைட்டர்'. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது, எலக்ட்ரீஷியன். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் பழைய சாக்கெட்டைக் கழற்றி, அதன் மூடியில் லைட்டரைக் கொளுத்திக் காட்டுவார். பாலிகார்பனேட் என்கிற நல்ல பிளாஸ்டிக் என்றால் நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்துவிடும். மட்டமான பிளாஸ்டிக் என்றால் சொட்டுச் சொட்டாக உருகி எரிந்துகொண்டே இருக்கும். அடுத்து பையிலிருந்து காந்தம் வரும். உள்ளே இருப்பது பித்தளையா, முலாம் பூசிய இரும்பா என்று அது காட்டிக்கொடுக்கும். கடைசியாகத் தலையில் அடித்துக்கொண்டு ஒரு கேள்வி: "இதை மாட்டுன மகான் யாருங்க?"

வீட்டுக்காரர்கள் வெட்கப்பட்டு அன்றே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிடுவார்கள். ஊரே இவரைக் கொண்டாடுகிறது. நானும் கொண்டாடியிருப்பேன், கழற்றிய சாக்கெட்டெல்லாம் எங்கே போகிறது என்று தெரியாமல் இருந்திருந்தால்.

எங்கள் வீட்டுக்குத்தான் வரும். தூக்கிப் போட இவருக்கு மனசு வராது. "ஒரு துடை துடைச்சா புதுசு மாதிரி ஆயிடும்" என்பார். ஹாலில் டாக்டர் வீட்டுச் சாக்கெட், சமையலறையில் வக்கீல் வீட்டுச் சாக்கெட். பெரிய மனிதர்களின் சகவாசம் எங்களுக்கு இப்படித்தான் கிடைத்தது. டாக்டர் வீட்டுச் சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால், துணிக்கு முன்னால் சுவர் சூடாகும். "நாளைக்கு மாத்திடறேன்" என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாளைக்கு எங்கள் தெரு மட்டும் தெரியவில்லை போலும்.

எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் போன மாதம் மகள் தவழ ஆரம்பித்தாள். வீடு நிறைய பொம்மை கிடக்க, அவளுக்குப் பிடித்தது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்த டாக்டர் வீட்டுச் சாக்கெட்தான். நல்ல சாக்கெட்டில் ஓட்டைக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருக்கும். பிளக்கின் நீளமான எர்த் கம்பி போய்த் தள்ளினால்தான் திறக்கும். இதில் அந்தக் கதவு எப்போதோ உடைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை, என் கொண்டை ஊசியைப் பிடித்துக்கொண்டு அவள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசி முனை ஓட்டையைத் தொடுவதற்குள் அள்ளித் தூக்கிவிட்டேன்.

இவரிடம் சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். அதனால் இவர் வேலை பார்க்கும் கடையின் முதலாளிக்கு போன் போட்டேன்.

"அண்ணே, வீட்ல சாக்கெட் ஆபத்தா இருக்கு. உடனே ஆள் அனுப்புங்க."

"விலாசம் சொல்லும்மா."

சொன்னேன். "நம்ம லைட்டரையே அனுப்பறேன்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மத்தியானம் வாசல் மணி அடித்தது. பையும் கையுமாக இவர் நின்றார்.

"ஏன்டி இப்படி மானத்த வாங்கற?"

"உள்ள வாங்க சார். ஹால்ல இருக்கு."

மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினார். பின்பக்கம் கறுத்து, ஒயரின் தோல் உருகிச் சுருண்டிருந்தது.

"எல்லார் வீட்லயும் கொளுத்திக் காட்டுவீங்களே, எனக்கும் காட்டுங்க" என்று ஒரு தட்டை நீட்டினேன்.

கொளுத்தினார். லைட்டரை எடுத்த பிறகும் மூடி எரிந்தது. தட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. என் இடுப்பில் இருந்த மகள் கைதட்டினாள். பழக்க தோஷத்தில் இவர் வாய் தானாகத் திறந்தது.

"இதை மாட்டுன ம..."

அதோடு நின்றுவிட்டது. நான் கொண்டை ஊசியை எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"காலைல இது உங்க பொண்ணு கையில இருந்துச்சு. அந்த ஓட்டைகிட்ட வரைக்கும் போயிடுச்சு."

ஊசியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தண்ணீர் கொடுக்கவில்லை.

அன்று இவர் கடைக்குத் திரும்பவில்லை. இருட்டுவதற்குள் எல்லாச் சாக்கெட்டையும் மாற்றினார். கழற்றியவற்றை வாசலில் போட்டு ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்து நொறுக்கினார். ஒன்றைக்கூடத் துடைத்துப் பார்க்கவில்லை.