பள்ளத்துக்கு நான்கெல்லை

சனிக்கிழமை காலை, பள்ளத்தின் விளிம்பில் நின்று தாபேரா ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள். கையிலிருக்கும் தென்னை மட்டையை நீட்டி, எதிரே பிளந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறையைக் குறி பார்க்கிறாள். பிறகு மட்டையை மெல்ல இடப்பக்கம் நகர்த்துகிறாள். "இதுவரைக்கும் கபுரோரோ வீட்டுது. அதுக்கு அந்தாண்ட அவன் சின்னம்மா வீட்டுது. நடுவுல ஒரு அடி தகராறு" என்கிறாள், கேட்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும். மட்டை சுட்டும் இடத்தில் நிலம் என்று ஒன்றும் கிடையாது. தென்னை உயரத்துக்கு வெறும் காற்று. அதன் நடுவே பல்வரிசை மாதிரி வெள்ளைப் பாறைகள், அவ்வளவுதான்.

நிலம் கப்பலேறிப் போய்விட்டது. எங்கள் பனாபாத் தீவின் மண் பாஸ்பேட் மண். தூர தேசத்துப் புல்வெளிகளுக்கு உரம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு எழுதி வாங்கிய கம்பெனிக்காரர்கள் எண்பது வருஷத்திலேயே சுரண்டி முடித்துவிட்டார்கள். கெடுவுக்கு இவ்வளவு முன்னதாக வேலையை முடித்த குத்தகைக்காரர்களை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நடுவில் ஒரு பெரிய யுத்தம் வந்தது. அது முடிந்ததும் எங்கள் ஜனங்களை ஃபிஜிப் பக்கம் ராம்பித் தீவில் இறக்கிவிட்டார்கள். ராம்பியில் ஆறு உண்டு, மண் உண்டு, குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கும். ஆனாலும் ஒருவன் பனாபாக்காரன்தானா என்று கேட்டால், பனாபாவில் பெயர் சொல்ல அவனுக்கு ஒரு துண்டு நிலம் உண்டா என்றுதான் கேட்பார்கள். துண்டு பள்ளமாகிவிட்டதே என்று யாரும் உரிமையை விட்டுவிடவில்லை. பள்ளத்துக்கும் சொந்தக்காரன் உண்டு, நான்கெல்லையும் உண்டு.

அந்த நான்கெல்லை முழுக்கத் தெரிந்த ஆள் இப்போது தாபேரா ஒருத்திதான். தீவுக்குக் காவலாக இங்கே குடியிருக்கும் முந்நூறு பேரில் அவளும் அவள் புருஷன் தோக்காவும் இரண்டு பேர். வயது அறுபது. பூப்போட்ட கவுன், ரப்பர் செருப்பு, யாரையும் அவசரப்படுத்தாத நடை. இருநூற்றுச் சொச்சம் நிலங்களின் பெயரையும் கிழக்கிலிருந்து மேற்காக வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்குவாள். அதனால் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

தொழில் ரொட்டி சுடுவது. கம்பெனி விட்டுப்போன கணக்கு அறையில் ஆளுயர இரும்புப் பெட்டகம் ஒன்று நிற்கிறது. அடித்தட்டில் சிரட்டைக் கங்கு, மேல்தட்டில் பிசைந்த மாவு. சாவி எந்தத் துரையின் சட்டைப்பையில் போயிற்றோ, கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்தால் அரைமணியில் ரொட்டி. "நல்ல பெட்டி. இத வச்சு என்ன செய்யறதுன்னு வெள்ளக்காரனுக்குத்தான் தெரியல" என்பாள்.

கப்பல் வந்தால் டின் இறைச்சி வரும். அந்த மாடுகள் மேய்ந்த புல் எங்கள் மண்ணில் விளைந்தது என்பது தீவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மற்றவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். தாபேரா டின்னைத் திறந்ததும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். "உப்புக் கரிக்குதே. ஊமா ஊர் நிலமாத்தான் இருக்கும், கடலோரப் பக்கம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இரண்டாவது தட்டுக்கும் போட்டுக்கொள்வாள்.

எல்லை விஷயத்தில் மட்டும் வேடிக்கை கிடையாது. போன வருஷம் ராம்பியில் இரண்டு மைத்துனர்கள் ஒரு பாறைக்காக மூன்று வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருப்பதாகத் தகவல் வந்தது. இரண்டு பேரும் அந்தப் பாறையைக் கண்ணால் கண்டதில்லை. தாபேரா அரை நாள் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பாறை இளையவனுடையது, அதன் நிழல் விழும் இடம் மற்றவனுடையது என்று சொல்லி அனுப்பினாள். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு சாண் காற்றுதானே, விட்டுக்கொடுத்துப் போகக்கூடாதா என்று தோக்கா ஒருமுறை கேட்டுவைத்தான். "காத்துதான. எங்க, நீங்க ஒரு சாண் எடுத்துட்டு வாங்க பாப்போம்" என்றாள்.

இப்படிப்பட்டவள் வாராவாரம் எல்லை பார்க்கப் போகும் சனிக்கிழமை நடையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு மௌனமாகக் கடந்துவிடுவாள். அவளுடைய சொந்தப் பள்ளத்தின் மேல் விளிம்பு அது. அங்கே எட்டடி அகலம், இருபதடி நீளத்துக்கு நிஜமான மண் இருக்கிறது. கம்பெனி தன் தண்டவாளத்தை அதன்மேல் போட்டிருந்ததால் தோண்ட முடியாமல் போன மண். தண்டவாளம் போய்விட்டது, மண் தங்கிவிட்டது. அந்தத் துண்டில் தாபேராவின் இரண்டு பப்பாளி மரங்களும் ஒரு பூசணிக்கொடியும் பன்னிரண்டு வருஷமாகக் காய்க்கின்றன. ரொட்டி சுட்டுக் களைத்த சாயங்காலங்களில் அவள் அங்கே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்விரல்களை மண்ணுக்குள் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது அவளுடையது என்றுதான் ஊரே நினைத்தது. இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். வாய்ப்பாட்டின்படி அந்த மண் பக்கத்துப் பள்ளத்தோடு சேர்ந்தது. சொந்தக்காரி ராம்பியில் இருக்கிறாள், ஒருநாளும் வந்ததில்லை. யாராவது வரும்வரைக்கும் என்று சொல்லிக்கொண்டுதான் தாபேரா முதல் விதையைப் போட்டாள். யாரும் வரவில்லை. சொல்லிக்கொள்வதும் நின்றுபோயிற்று.

இந்தத் தடவை வந்த கப்பலில் வந்தான் இயோதெபா. சொந்தக்காரியின் மகன், ராம்பியில் லாரி ஓட்டுகிறவன், ஐம்பது வயதிலும் கூச்சம் போகாத ஆள். வந்து இறங்கிய மறுநாள் ரொட்டி வாங்க வந்தவன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "அக்கா, எங்கம்மா நிலத்த நீதான் காட்டணுமாம். ஒரு தடவ போய் நின்னுட்டு வாடான்னு அனுப்பிச்சுது. நிக்கறதுக்கு எடம் இருக்கா?"

"பாத்து சொல்றேன், தம்பி" என்றாள் தாபேரா. நிலத்தின் பெயரைக் கேட்டதுமே ஒப்பிக்கிறவள் அப்படிச் சொன்னதில் தோக்காவுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. மீதியை இரண்டு நாள் நச்சரித்து வாங்கிக்கொண்டான். வாங்கியதும் ஒரு யோசனையும் சொன்னான். அவன் அம்மாவுக்குப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது, அதைக் காட்டினாலே போதும், அதில் பொய்யும் இல்லை. "மூணு வாரத்துல அவன் கப்பலேறிடுவான். பப்பாளி இங்கயேதான இருக்கப் போவுது."

அன்றைக்கு ஒரு தட்டு ரொட்டி கருகிப் போயிற்று.

சனிக்கிழமை மூவரும் நடந்தார்கள். தாபேரா மட்டையை நீட்டிப் பள்ளத்தைக் காட்டினாள்: அந்த வளைந்த பாறையிலிருந்து இந்தப் பிளந்த பாறை வரைக்கும், அங்கிருந்து கீழே பன்றித் தலை மாதிரி இருக்கிறதே அது வரைக்கும். இயோதெபா எட்டிப் பார்த்தான். தலை சுற்றியிருக்க வேண்டும், ஓரடி பின்வாங்கினான். நல்லாத்தான் இருக்கு என்று மரியாதைக்குச் சொன்னான். நின்றுவிட்டு வரச்சொன்ன அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. மூன்று எல்லை ஆயிற்று. நாலாவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் தோக்கா தொண்டையைக் கனைத்தான்.

தாபேரா மட்டையைத் தாழ்த்தவில்லை. திரும்பிப் பூசணிக்கொடி வரைக்கும் நடந்தாள், கொடியைத் தாண்டினாள், இரண்டு பப்பாளியையும் தாண்டினாள், கடைசியில் ஒரு சப்பைக் கல்லின்மேல் மட்டையை ஊன்றினாள்.

"இந்தக் கல்லு வரைக்கும் உங்கம்மாவோடது. மண்ணோட சேத்து."

இயோதெபா மண்ணைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "யாரு அக்கா வச்சது இதெல்லாம்?"

"நாந்தான். கேக்க ஆளில்லன்னு வச்சேன்."

அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. நீயே வைத்துக்கொள் அக்கா, நான் போகப் போகிறவன் என்று குழறினான்.

"குடுக்கறதுக்கு நீ யாருடா? நிலம் உங்கம்மாவோடது."

தோக்கா அவள் காதோரம் வந்து நின்றான். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. உறவுக்காரர்களில் ஒருவர் இன்னொருவரிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவர் இல்லையென்று சொல்லக்கூடாது. படகையே அப்படிக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தாபேராவுக்கும் இயோதெபாவின் அம்மாவுக்கும் எப்படிப் பார்த்தாலும் ஒரு சித்தி முறை வரும். அவனிடம் கேட்டால் அவன் அம்மாவிடமே கேட்டது மாதிரி. "கேளேன். ஒரு வார்த்த. நம்ம வழக்கம்தான" என்றான் தோக்கா.

"கேட்டா அவனால இல்லன்னு சொல்ல முடியாது. அதான் கேக்கல."

இயோதெபா பூட்ஸைக் கழற்றிக் காலுறையை அதற்குள் சுருட்டி வைத்துவிட்டு, மெத்தையில் ஏறுகிறவன் மாதிரி பார்த்துப் பார்த்து மண்ணில் கால் வைத்தான். இரண்டு பப்பாளிக்கும் நடுவே போய்க் கையைத் தொங்கவிட்டு நின்றான். யாரோ படம் எடுக்கப் போவது மாதிரி நெடுநேரம் அசையவேயில்லை. பிறகு, சொந்தக்காரன் என்ற முறையில், பழுத்த பப்பாளி ஒன்றைத் திருகிப் பறித்து, விரலாலேயே பிளந்து பாதியைத் தாபேராவிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். தன் கால் இன்னும் அவன் மண்ணில் இருப்பதைக் கவனித்து, இரண்டு எட்டு வைத்து வெளியே வந்தாள். தன் பள்ளத்தின் விளிம்புப் பாறையில் உட்கார்ந்து, கவுனை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டு, ஒரு கடி கடித்தாள். விதைகளைத் துப்பிவிட்டு, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, இரண்டு கால்களையும் தன் நிலத்துக்குள் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டாள்.