ஐந்து கம்பிக் கிட்டார்

1. வட்டம்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை செய்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். கண்ணாடி பொருத்தும் பிரிவு. ஜன்னலைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எல்லோரும் கேட்பது எங்கள் தொழிற்சாலையின் பாண்ட் இசைக்குழுவைப் பற்றித்தான், ஆகவே அதையே எழுதுகிறேன். இதில் வரும் டெனிஷ்காரர்கள் என் ஊர்த் தமிழில் கதைப்பார்கள். அதற்கு நான் பொறுப்பு.

கன்ரீனுக்குக் கீழே பழைய உதிரிப்பாகங்கள் கிடந்த அறைதான் பாண்ட் அறை. புதன்கிழமைகளில் பகல் ஷிஃப்ட் முடிந்ததும், மூன்றரை மணிக்குப் பயிற்சி. நான் முதன்முதலாகப் போன அன்று மூன்று கதிரைகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தார்கள். இந்த நாட்டில் மூன்று பேர் சேர்ந்தால் போதும், வட்டமாக இருந்து ஒவ்வொருவராகத் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், யூனியன் கூட்டத்திலும் அப்படித்தான்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஹன்ன என்ற பெண்தான் டிரம்ஸ். அவர் தொடங்கினார்.

"எனக்குப் பதினொரு வயசிலை அண்ணன் டிரம்ஸ் வாங்கினவன். அவன் ஒரு மாசத்திலை விட்டிட்டான். நான் விடேல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறிப் போட்டினம்."

அடுத்தது பல்லே. மரச்சட்டம் கடையும் மெஷினில் நிற்பவர். நெடிய மனிதர், கதை குறைவு.

"கொஞ்சம் கிட்டார் வாசிப்பன்" என்றார். அவ்வளவுதான்.

நான் அதை அப்படியே நம்பினேன். கொஞ்சம் வாசிக்கிற ஆளுக்கு முன்னால் எனக்குத் துணிவு வந்துவிட்டது.

"நான் அன்ரன். மன்னாரிலை மாதா கோயில் கொயரிலை எட்டு வருசம் கிட்டார் வாசிச்சனான். திருநாள், கலியாணம், எல்லாத்துக்கும் நான்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

பிறகு பல்லே கிட்டாரை மடியில் எடுத்து வைத்தார். ஒரு நிமிடம்தான் வாசித்திருப்பார், நிமிர்த்திய நெஞ்சை நான் கீழே இறக்கிவிட்டேன். சனிக்கிழமை நடன மண்டபங்களில் இருபது வருடம் வாசித்த மனிதர் என்பதை ஹன்ன பிற்பாடுதான் சொன்னார். எங்கள் ஊர் இருக்கும் மேற்கு யூலண்ட் பகுதி ஆள் "கொஞ்சம்" என்றால் அதை எத்தனையால் பெருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2. பேஸ்

எட்டு வருடம் என்று நான் சொன்னது பொய் அல்ல. ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். எங்கள் கோயில் கிட்டாரில் ஐந்து கம்பிதான் இருந்தது. முதற்கம்பிதான் மெல்லியது, அதுதான் முதலில் அறும். யுத்த காலத்தில் அறுந்த கம்பிக்குப் பதில் கம்பி வரவில்லை. சைக்கிள் பிரேக் வயரிலிருந்து ஒரு இழையை உருவிப் போட்டுப் பார்த்தோம். அது விரலைக் கிழித்தது, கழற்றிவிட்டோம்.

அப்படியே பழகிய கை. டென்மார்க்குக்கு வந்து ஆறு கம்பிக் கிட்டார் வாங்கிய பிறகும், சுட்டுவிரலின் அடிப்பக்கம் தானாகவே முதற்கம்பியை அமத்திச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டது. திருத்தப் பார்த்தேன், கை கேட்கவில்லை. இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. பல் விழுந்தவன் வாயைப் பொத்திச் சிரிப்பதுபோல அந்த அறையில் நான் வாசித்தேன்.

மூன்றாவது புதன்கிழமை பல்லே ஒரு பேஸ் கிட்டாரைக் கொண்டு வந்தார். நாலே நாலு தடித்த கம்பி.

"எங்கடை பேஸ்காரன் எஸ்பியர்க்குக்கு வீடு மாறிப் போட்டான். வாசிக்க ஆள் இல்லை. உமக்குத் தடிச்ச கம்பியிலை நல்ல பிடி இருக்கு. உதவி செய்வீரோ?"

உதவியா? அந்த வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நாலு கம்பியில் எதுவும் குறையவில்லை, எதையும் ஒளிக்கத் தேவையில்லை.

அதன்பிறகு ஒன்பது வருடம் வாய்ச்சண்டைதான்.

"பேஸ் வாசிக்கிறவன் ஆர் தெரியுமோ? கிட்டார் பழகப் போய்ப் பாதி வழியிலை இறங்கினவன்" என்பார் பல்லே.

"நீர் நிப்பாட்டினால் ஒருத்தருக்கும் தெரியாது. நான் நிப்பாட்டினால் ஆடுற சனம் நிண்டிடும்" என்பேன் நான்.

"நீங்கள் ரெண்டு பேரும் நிப்பாட்டினால் நான் நேரத்தோடை வீட்டை போவன்" என்பார் ஹன்ன.

தொழிற்சாலையின் கிறிஸ்மஸ் விருந்து, ஓய்வு பெறுகிறவர்களின் பிரியாவிடை, எல்லாவற்றுக்கும் நாங்கள்தான். நன்றாக வாசித்தோம் என்று சொல்ல மாட்டேன். சனம் கதிரையை விட்டு எழும்பி ஆடியது.

3. கார்ட்

ஒரு நவம்பர் காலை பல்லேயின் இடது கையை மெஷின் இழுத்துவிட்டது. நான் மண்டபத்தின் மறு கோடியில் நின்றேன். மெஷின் நின்ற சத்தம் கேட்டது, பிறகு ஒரு சத்தமும் இல்லை. மோதிர விரலும் சின்ன விரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. கிட்டார் வாசிப்பவருக்குக் கம்பி அமத்துகிற கை அது.

மேலாளர் பூங்கொத்து அனுப்பினார். கன்ரீனில் ஒரு கார்ட் சுற்றி வந்தது. விரைவில் குணமாக வேண்டும் என்று எழுதி என் பெயரையும் வைத்தேன். அதோடு என் கடமை முடிந்தது என்றுதான் நினைத்தேன். டெனிஷ்காரர் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போகக் கூடாது, துக்கத்தில் இருப்பவரைத் தனியாக விட வேண்டும். இதையெல்லாம் படிக்க எனக்குப் பத்து வருடம் எடுத்தது. படித்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆறாவது வாரம் ஹன்ன வந்து சொன்னார்: "பல்லே பொதி கட்டுற பிரிவுக்குத் திரும்பி வருவானாம். பாண்டுக்கு வர மாட்டானாம். கிட்டாரைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கப் போறானாம்."

அன்று வீட்டில் என் மனைவி றீற்றாவிடம் இதைச் சொன்னேன். அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், எதையும் நேரே கேட்பார்.

"நீங்கள் போய்ப் பாத்தியளோ?"

"அவையள் அப்பிடிப் போனால் விரும்பாயினம்."

"ஆர் சொன்னது? பல்லே சொன்னவரோ?"

நான் மேசையில் இருந்த கோப்பையைக் கழுவப் போனேன்.

"உங்கடை அம்மா ஊரிலை கண்ணை மூடின அண்டு, போன் கூடப் பண்ணாமல் வந்து எங்கடை வாசல்லை நிண்ட மனுசன் அவர். மழைக்குள்ளை நிண்டவர். மறந்திட்டியளோ?"

மறக்கவில்லை. மறந்திருந்தால் அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன். சனிக்கிழமை றீற்றா மட்டன் றோல்ஸ் பொரித்து ஒரு டப்பாவில் போட்டு என் கையில் தந்தார்.

4. சும்மா

மத்தியானம் போனேன். கதவைத் திறந்த பல்லே என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"என்ன நடந்தது? ஆருக்கும் ஏதுமோ?"

"ஒண்டுமில்லை. சும்மா வந்தனான்."

"சும்மாவோ?"

சும்மா வருவது என்றால் என்ன என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கோப்பி போட்டார். இடது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தார். நாலு றோல்ஸ் சாப்பிட்டார். கிட்டார் பெட்டி கதவோரம் தயாராக நின்றது.

"ரெண்டு விரலாலை என்னத்தை வாசிக்கிறது, அன்ரன்?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

என்னிடம் ஆறுதல் வார்த்தை எதுவும் இருக்கவில்லை. ஒன்பது வருடம் ஒளித்து வைத்த ஒன்றுதான் இருந்தது. பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்தேன். என் மோதிர விரலையும் சின்ன விரலையும் உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டேன்.

"பாரும். இது ஜி எண்ட பிடி. ஆறு கம்பியும் வாசிக்கிறதெண்டால் மூண்டு விரல் வேணும். முதல் கம்பியை விட்டால் ரெண்டு போதும். இது டி. இதுக்கும் ரெண்டு. ஈ மைனர், ரெண்டு. சி கொஞ்சம் சிணுங்கும், ஆனால் பாட்டு நடக்கும்."

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடை கோயில் கிட்டாருக்கு முதல் கம்பி இல்லை, பல்லே. எட்டு வருசமும் ஐஞ்சு கம்பியிலைதான் வாசிச்சனான். உங்களுக்குச் சொல்ல வெக்கமா இருந்தது."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"முதல் புதன் அண்டே தெரியும். உம்மடை கை அந்தக் கம்பியை ஒருக்காலும் சத்தம் போட விடேல்லை."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் அடுத்த புதன் வந்திருப்பீரோ?"

வந்திருக்க மாட்டேன். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"அப்ப எஸ்பியர்க்குக்குப் போன பேஸ்காரன்?"

"அப்பிடி ஒருத்தனும் இல்லை. அந்த பேஸ் என்ரை."

என் கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான். இரண்டு பேரும் மிச்ச றோல்ஸைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பிறகு அவர் கிட்டாரை வாங்கி, முதற்கம்பியைத் தளர்த்திக் கழற்றி மேசையில் வைத்தார். அப்போதுதான் இடது கையை முதன்முதலாக வெளியே எடுத்தார். ஜி பிடித்தார். மோசமாகக் கேட்டது. தழும்பு வலித்திருக்க வேண்டும், கிட்டாரைக் கீழே வைத்தார். கொஞ்சம் கழித்துத் திரும்ப எடுத்தார். இருட்டும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். கிட்டார் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

5. திரும்ப வட்டம்

புதிதாக வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். கூட வேலை செய்பவருக்கு அடிபட்டால் கார்டில் கையெழுத்து வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். போன் பண்ணாமல் போங்கள். முதல் ஐந்து நிமிடம் அவர் முழிப்பார், பரவாயில்லை. ஆறு வாரம் பிந்திப் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கூசுகிறது.

பல்லே மார்ச் மாதம் பாண்டுக்குத் திரும்பினார். அந்தப் புதன்கிழமைதான் விற்பனைப் பிரிவிலிருந்து கிறிஸ்டியான் என்ற புது ஆளும் கிட்டாரோடு வந்தார். வழக்கம்போல வட்டம் போட்டோம். கிறிஸ்டியான் தன் கதையைச் சொல்லிவிட்டு, பல்லேயின் கிட்டாரில் ஒரு கம்பி இல்லை என்றார்.

"அது மன்னார் முறை" என்றார் பல்லே. "முப்பது வருசத்துக்கு மேலை ஆறு கம்பியிலை வாசிச்சனான். இப்ப ஐஞ்சு. இந்தா இருக்கிறாரே, இவரிட்டைப் பழகினது." இந்த மனிதர் ஒரு வட்டத்தில் இவ்வளவு கதைத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

அடுத்தது என் முறை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு வருடம், கோயில், திருநாள், கலியாணம், எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.

"கொஞ்சம் பேஸ் வாசிப்பன்" என்றேன்.