சனிக்கிழமை வந்த மடக்கு சைக்கிள்

என் கணவர் ஒரு பொருளை வேண்டும் என்று கேட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. சோறுகூடக் கேட்கமாட்டார். போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பணி ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஆரம்பித்தது இது. என்ன காரணம், என்ன காரணம் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. காரணம் தெரிந்தால் சொல்லமாட்டேனா? டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் ஆபீசுக்குப் போகும்போது அந்த மாத்திரைகளைக் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஒரு நாள் மின்விசிறியைப் பார்த்தபடியே, "நான் இருந்து என்னத்த ஆவப்போவுது" என்றார். அன்றைக்கே குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு சாயங்காலம் என் போனை எட்டிப் பார்த்தார். யாரோ ஒருவர் ஒரு குட்டிச் சைக்கிளை இரண்டாக மடக்கிக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. "இது நல்லாருக்கே. காலையில பீச் ரோட்ல ஓட்டலாம்" என்றார். அவ்வளவுதான், மறுபடி படுத்துவிட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அப்படியே நின்றேன்.

எங்களுக்குச் சாதாரண சைக்கிள் ஆகாது. குடியிருப்பது இரண்டாவது மாடி. வீட்டுச் சொந்தக்காரர் பிரான்சில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து எட்டிப் பார்ப்பார். ஆனால் அவர் கீழ்த்தளத்தில் போட்ட மொசைக் தரையில் ஒரு வண்டி நிற்கக்கூடாது என்பதில் அங்கிருந்தே கண்ணாக இருப்பார். தெருவில் நின்ற எங்கள் பழைய சைக்கிள் கடல்காற்றில் துருவேறிப் பொரிந்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. மடக்கி மாடிக்குத் தூக்குகிற சைக்கிள்தான் வேண்டும். அதுவும் என் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும்.

பத்து நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. கடைத்தெருவில் இருக்கிற சைக்கிள் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "மடக்குற சைக்கிளா? மடக்கி எங்கங்க வைக்கப்போறீங்க, பீரோவுலயா?" என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நம்மகிட்ட இல்லீங்க, ஆன்லைன்லதான் பாக்கணும். ஆனா இரும்பு பிரேம் மட்டும் எடுத்துடாதீங்க. கீல்ல துரு ஏறிச்சுன்னா மடக்கவும் முடியாது, விரிக்கவும் முடியாது. அலுமினியமா பாருங்க."

பார்த்தேன். கண் எரிகிறவரை பார்த்தேன். பதினாறு அங்குலச் சக்கரம் விலை குறைவு, ஆனால் அவர் உயரத்துக்கு முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும். அதனால் இருபது அங்குலம். கியர் வைத்தது வேண்டாம் என்று தள்ளினேன். காரைக்காலில் ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம் ஒன்றுதானே. எடை பன்னிரண்டு கிலோ என்று போட்டிருந்தது. பன்னிரண்டு கிலோ அரிசியைப் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறிப் பார்த்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் ஏறிவிட்டேன். "ஏங்க, செவப்பா நீலமா?" என்று அவரிடம் கேட்டேன். பதில் வராது என்று நினைத்துத்தான் கேட்டேன். "பச்ச இல்லியா?" என்றார்.

பச்சையில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. திங்கட்கிழமை வரும் என்று காட்டியது. நான் நாள் பார்த்துத்தான் ஆர்டர் போட்டேன். சனிக்கிழமை இரும்பை வீட்டுக்குள் கொண்டுவருவதாவது! நான் பிறந்தது திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் சுரக்குடியில். சனிக்கிழமை ஒரு ஆணிகூட வாங்காத வீடு எங்களுடையது. போதாக்குறைக்கு அவர் ராசிக்கு ஏழரை நடக்கிறது என்று ஜோசியர் சொல்லியிருந்தார். வாரா வாரம் திருநள்ளாறு போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையும் போய்விட்டு வந்து போனையும் கைப்பையையும் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைக்கிறேன், கீழே மினி வேன் வந்து நிற்கிறது. டெலிவரிக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். திங்கட்கிழமை வரவேண்டிய சைக்கிள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "ஓடிபி சொல்லுங்கக்கா" என்று கீழே இருந்து கூப்பிட்டார். படி இறங்கி ஓடினேன். "இன்னிக்கி வேணாம் தம்பி. திங்கக்கிழம கொண்டாங்க."

"அப்புடியெல்லாம் வச்சிருக்க முடியாதுக்கா. வேணாம்னா ரிட்டன் போயிரும்."

"இரும்பு தம்பி, இன்னிக்கி சனிக்கிழம. மாட்டேன்னா மாட்டேன். தூக்கிட்டுப் போங்க."

டெலிவரிக்காரர் பெட்டியை மறுபடி வண்டியில் ஏற்றினார். வேன் தெருமுனை திரும்பியது. அப்போதுதான் மேலே நிமிர்ந்தேன். மாடிப்படியின் வளைவில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். சட்டை போட்டிருந்தார். தலை வாரியிருந்தார். பத்து மாதமாகத் தானாக வாசலைத் தாண்டாத மனுஷன் ஒரு மாடி இறங்கி வந்திருக்கிறார்!

"அது அலுமினியந்தான" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சும்மா சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பிப் படியேறிப் போனார்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தேடித் தேடி அலுமினியம் எடுத்தவளே நான்தான். ஆனால் சைக்கிள் என்றதும், சனிக்கிழமை என்றதும் எனக்குள் இரும்பு என்றே விழுந்தது. ஐயோ, அந்த மனிதர் சட்டை போட்டுக்கொண்டு வந்தாரே! இனி எதையாவது கேட்பாரா? இந்தத் தடவை படுத்தால் எழுந்திருப்பாரா? போன் எடுக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை. கிடைத்த ஆட்டோவில் ஏறி, வேன் திரும்பிய பக்கம் திருநள்ளாறு ரோட்டில் விடச் சொன்னேன்.

சனிக்கிழமைக் கூட்டம். வெளியூர் வேனும் பஸ்ஸும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோவில் உட்கார முடியாமல் இறங்கி நடந்தேன், நடக்க முடியாமல் ஓடினேன். பெருமாளே, சனீஸ்வரா, யாராவது ஒருத்தர் அந்த வண்டியை நிறுத்துங்கள் என்று வாய்விட்டே கத்தினேன். ஒரு லாட்ஜ் வாசலில் அந்த வேன் நின்றது. டெலிவரிக்காரர் வேறு யாருக்கோ பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, குடுத்துடுங்க தம்பி. நான் தெரியாம சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல. அவர் கேட்டது தம்பி அது." கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கும்புடாதீங்கக்கா. சாயங்காலம் குடோனுக்குப் போறதுக்குள்ள ஓடிபி போட்டாத் தந்துடலாம். சொல்லுங்க."

ஓடிபி என் போனில் இருந்தது. போன் வீட்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டில் இருப்பவரோ போனே எடுக்கமாட்டார். சென்னையிலிருந்து மகள் கூப்பிட்டு அழுதாலும் எடுக்கமாட்டார். அது அடித்து ஓயும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அதை இந்தத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? டெலிவரிக்காரர் தன் போனை என்னிடம் நீட்டினார். என் நம்பருக்கே நான் போட்டேன்.

முழுதாக அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை போட்டேன், ஓய்ந்தது. வீட்டில் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறாரோ? கைப்பை வேறு, மாத்திரையோடு, வீட்டிலேயே கிடந்தது. "எடுங்க, எடுங்க, எடுத்துத் தொலைங்களேன்" என்று ரோட்டில் நின்று அலறினேன். மூன்றாவது முறையும் ஓய்ந்தது. நான்காவது முறை பாதியில் சத்தம் நின்றது. எதிர்முனையில் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"ஏங்க, நாந்தாங்க. வேனப் புடிச்சிட்டேன். அந்த மெசேஜ்ல ஒரு நம்பர் இருக்கும், அத மட்டும் சொல்லுங்க. வச்சிடாதீங்க, உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன், வச்சிடாதீங்க."

"இரு, கண்ணாடி எடுத்துக்குறேன்" என்றார். அவர் நடந்து போவது கேட்டது. மேஜை இழுப்பறை திறப்பது கேட்டது. திரும்பி வந்து ஒவ்வொரு எண்ணாக ஆறையும் சொன்னார். நான் திருப்பிச் சொல்ல முடியாமல் அழுதுகொண்டிருந்தேன். டெலிவரிக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கி, "சார், இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்றார்.

இன்னொரு தடவையும் சொன்னார்.