ஃபுமியே வரையாத குழந்தை

ஊடோன் நூடுல்ஸ் கிண்ணத்தில் ஆவி அடங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. ஃபுமியே சாப்பாட்டுக் குச்சிகளின் காகித உறையைப் பிரித்து, மேசைமேல் வைத்து நீவி, அதில் ஓர் ஊஞ்சல் வரைந்துகொண்டிருந்தார். ஊஞ்சல் ஆடியது. அதன் பாதையில் ஒரு குழந்தை வந்து நின்றது. கோடு போட்டு அடித்தார். ஊஞ்சலைத் தள்ளி வரைந்தார். குழந்தையும் தள்ளி வந்து நின்றது.

"சாப்பிடும்மா. அந்தப் பிள்ளை எங்கயும் ஓடிறாது," என்றார் எதிரே இருந்த இசோபே.

"ஓடினாத்தான் தேவலையே, அண்ணே. பலகைக்கு முன்னாடியே வந்து நிக்குது."

இசோபே வெல்டர். பூங்காக்களுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் செய்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில், இரும்பை ஒட்டுவது அவர் வேலை. எதை எங்கே ஒட்டுவது என்று முடிவு செய்வது ஒகிதா ஃபுமியேயின் வேலை. கடலோரத்து அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் குழந்தைகள் ஏறி இறங்குகிற சாமான்களில் பாதி, முதலில் இவர் கையில் கிடைத்த ஏதோ ஒரு துண்டுத் தாளில் ஏறி இறங்கியவைதான்.

என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டால் ஃபுமியேக்கு வார்த்தை வராது. "இருங்க, வரைஞ்சு பார்த்தாத்தான் எனக்கே தெரியும்," என்பார். மற்றவர்கள் யோசித்துவிட்டு வரைவார்கள்; இவருக்கு வரைவதுதான் யோசிப்பது. பட்டறைச் சுவர், மீன் கடை ரசீது, ஆவி படிந்த குளியலறைக் கண்ணாடி, எதையும் விட்டுவைப்பதில்லை. "முதல் படம் நான் நினைச்சது. மூணாவது படம் எனக்கே தெரியாதது. அதுக்காகத்தான் முதல் ரெண்டையும் போடறேன்," என்று ஒருமுறை சொன்னார். அதைவிட நீளமாக அவர் தன் தொழிலைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை.

அவர் வரைகிற குழந்தைகளுக்கு உடம்பு ஈர்க்குச்சி, தலை மட்டும் பூசணிக்காய். காரணம் கேட்டால் முகம் இறுகிவிடும். "உடம்பு நுழையற சந்துல தலை நுழையாது. காலை விட்டு இறங்கும், கழுத்துல தொங்கும்." அந்தத் தாள்களில் மழை ஈரத்தில் வழுக்குகிற பிள்ளை உண்டு. சறுக்குமரத்தில் கீழிருந்து மேலே ஏறுகிற பிள்ளை, வாயில் மிட்டாய்க் குச்சியோடு குதிக்கிற பிள்ளை, தம்பியைத் தள்ளிவிடுகிற பிள்ளை எல்லாம் உண்டு. ஒழுங்காக விளையாடுகிற பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. வாடிக்கையாளர் வந்தால் முதலாளி மியாகே முதலில் செய்வது, ஃபுமியேயின் மேசைமேல் ஒரு துணியைப் போட்டு மூடுவதுதான். வீட்டில் ரசீதைத் திருப்பிப் பார்க்கிற கணவர், "நம்ம வீட்டுல மட்டும்தான் தினம் ஒரு பிள்ளை விழுது," என்று அலுத்துக்கொள்வார்.

ஆனால் அவர் கைப்பட்ட சாமானில் இதுவரை எந்தப் பிள்ளையும் விழுந்து எலும்பு முறிந்ததில்லை. எல்லாரும் தாளிலேயே விழுந்து முடித்திருந்தார்கள்.

ஆற்றங்கரைப் பூங்காவின் புதுச் சறுக்குமரமும் அப்படித் தாள்களில் பல மாதம் பிறந்து செத்துத்தான் உருவானது. முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். குழந்தைகள் அப்பா அம்மாவோடு வெறுங்கையாக வந்து, சறுக்கி, மொச்சி என்கிற அரிசிப் பலகாரம் தின்றுவிட்டுப் போனார்கள். அதன்பிறகு இன்றுதான் ஃபுமியே அடுத்த வேலையான ஊஞ்சலில் கைவைத்தார்.

அவர் பென்சில் ஊஞ்சலை விட்டு விலகி, அந்தப் பக்கமாக நடந்து போகிற ஒரு குழந்தையைப் போட்டது. வழியில் போகிற குழந்தை. பள்ளி விட்டு வருகிறது. அதனால் முதுகில் ஒரு பை. குறுக்கே ஒரு வார், வாரின் நுனியில் ஒரு தண்ணீர் பாட்டில்.

ஃபுமியே அந்தப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு உறையைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் ஆற்றங்கரைச் சறுக்குமரத்தின் உச்சியை வரைந்தார். குழந்தை உட்காருகிற இடம். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கம்பிக்கும் பக்கத் தகடுக்கும் நடுவே ஒரு சந்து. தலை நுழையாத சந்து. கை நுழைந்தால் சிக்காமல் வெளியே வந்துவிடும். அதை அத்தனை விதமாகவும் வரைந்து பார்த்துத்தான் விட்டிருந்தார். இப்போது அந்த வழியில் போகிற குழந்தையைத் தூக்கி அங்கே உட்கார வைத்தார்.

குழந்தை குனிந்து உட்கார்ந்தது. பாட்டில் சந்துக்குள் இறங்கியது. அடுத்த படத்தில், அந்தப் பக்கம் போய்க் குறுக்கே திரும்பிக்கொண்டது. அதற்கு அடுத்த படத்தில் குழந்தை சறுக்கியது. வார் கழுத்துக்கு ஏறியது.

நான்காவது படத்தை அவர் வரையவில்லை.

அந்த ஊரில் ஒரு விதி உண்டு. பள்ளி விட்டால் நேராக வீடு. பையை வைத்துவிட்டுத்தான் விளையாட்டு. வாத்தியார் சொல்வார், தாய்மார் சொல்வார்கள், பிள்ளைகளும் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள். அத்தனை விஷமக்காரப் பிள்ளைகளை வரைந்த ஃபுமியே, அந்த ஒரு விதியை மட்டும் சுவர்போல நம்பிவிட்டார். அத்தனை தாள்களிலும் பையோடு வந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

"அண்ணே, பள்ளிக்கூடம் விட்டா பிள்ளைங்க நேரா வீட்டுக்குத்தானே போகும்?"

"ஆமா, நீயும் நானும் போன மாதிரி," என்று சிரித்தார் இசோபே. "ஆத்தங்கரையில புதுசா சறுக்குமரம் நிக்குது. எந்தப் பய வீட்டுக்குப் போவான்?" சொல்லிக்கொண்டே உறையை இழுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "இன்னிக்குத் திங்கள்கிழமை. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களைச் சீக்கிரமே விட்டுருவாங்களே."

ஃபுமியே முதலாளியைப் போனில் பிடித்துச் சொன்னார்.

"ஆய்வுக்காரங்க பார்த்துச் சரின்னு சொல்லியாச்சே, ஃபுமியே சான்."

"அவங்க தலை நுழையுதான்னு பார்த்தாங்க. பாட்டிலைப் பார்க்கலை. நானும் பார்க்கலை."

"இப்ப யாருக்காவது ஏதாவது ஆயிருக்கா?"

"தாள்ல ஆயிருச்சு, முதலாளி."

"அது இப்ப நகராட்சி சொத்து. நாம போய்க் கயிறு கட்ட முடியாது. நேத்துதான் திறந்தாங்க, பேப்பர்ல படம் வந்திருக்கு. நாளைக்குக் காலையில நானே நேர்ல போய்ப் பேசறேன். அதுவரைக்கும் அங்க போகாதீங்க. மீறிப் போனா, அப்புறம் உங்களை என்னால காப்பாத்த முடியாது."

இசோபே அதற்குள் குட்டி லாரிச் சாவியைக் கையில் எடுத்திருந்தார்.

வண்டியில் ஃபுமியேயின் விரல்கள் பாவாடைமேல் கோடு போட்டுக்கொண்டே வந்தன. இசோபே ஓரக்கண்ணால் பார்த்தார். "சும்மா நடுங்காதே. நீ படத்துல கொன்ன பிள்ளைங்களை எல்லாம் கணக்குல சேர்த்தா, இந்த ஊர்ல பள்ளிக்கூடமே இருக்காது."

"அதெல்லாம் கட்டறதுக்கு முன்னாடி கொன்னது, அண்ணே."

எதிரே ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளின் மஞ்சள் தொப்பிகள் இரண்டிரண்டாக வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஃபுமியே ஒவ்வொரு தொப்பியையும் கண்ணால் கும்பிட்டார். பாலம் தாண்டியதும் தொப்பிகள் நடக்கவில்லை, ஓடின. எல்லாம் பூங்காவைப் பார்த்து.

வண்டி நிற்குமுன் ஃபுமியே இறங்கினார். இசோபே லாரியின் பின்னாலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். சறுக்குமரத்தின் படிகளில் தோல் பைகளும் பாட்டில்களும் வரிசை கட்டி நின்றன. ஃபுமியே பிள்ளைகளை விலக்கிக்கொண்டு ஏறினார்.

"ஆன்ட்டி, வரிசையில வா. பெரியவங்கன்னா முந்தலாமா?" என்றான் ஒரு பொடியன்.

"எறங்கு கண்ணு. எல்லாரும் எறங்குங்க."

"நீ எறங்கு."

உச்சியில் ஒரு சிறுமி உட்கார்ந்தாயிற்று. தோழியிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள். எவர்சில்வர் பாட்டில் அவள் இடுப்பிலிருந்து ஊசலாடிச் சந்தின்மேல் வந்தது. நடுவே இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் பாட்டில் இறங்கும் என்று ஃபுமியேக்குத் தோன்றியது. குரலை விழுங்கிக்கொண்டு மேடைமேல் குப்புற விழுந்து, பிள்ளைகளின் கால்களுக்கு இடையே கையை நீட்டி, சந்துக்குள் முஷ்டியைத் திணித்தார்.

பாட்டில் விரல் முட்டிகளின்மேல் ணங்கென்று இறங்கியது. எகிறியது. சிறுமியோடு சேர்ந்து கீழே போனது. கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்தவன் உட்கார்ந்தான். அவன் பாட்டிலும் அதே இடத்தில்தான் இடித்தது. அதற்குள் இசோபே அதட்டி மற்றவர்களை இறக்கி, படிக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டு மேலே பார்த்தார்.

"கட்டியாச்சும்மா. இனிமே எவனும் ஏற மாட்டான். கையை எடு."

பையோடு எவனும் வர மாட்டான் என்றும் ஃபுமியே இப்படித்தான் நம்பியிருந்தார். குப்புறப் படுத்தபடியே கையை இன்னும் உள்ளே, முழங்கை வரைக்கும் தள்ளினார்.