தோற்ற படைக்கு ஒரு தட்டு

கடையில் நின்ற உங்களுக்கெல்லாம் தெரியும்: "இரண்டில் எது நல்லது?" என்று கேட்கிறவர் பாதி நேரம் பதிலையும் கையோடு கொண்டுதான் வருவார். எண்பத்தைந்தில் ரொறன்ரோவில் நான் நின்றது ஒரு பழைய புத்தகக் கடை. அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தட்டு என் பொறுப்பு. அதிலும், அடிமைமுறையைக் காப்பாற்றப் பிரிந்துபோய்த் தோற்ற தென்மாநிலங்களின் படையைப் பற்றித்தான் புத்தகங்கள் அதிகம். "இரண்டும் நல்லது என்று சொல்" என்பது முதலாளியம்மா ஹெலன் தந்த பாடம். எனக்கு அது வாயில் வரவில்லை.

தொப்பிக்காரர்

சனிக்கிழமைகளில் ஒருவர் அந்தப் படையின் சாம்பல் நிறத் தொப்பியோடு வருவார். ஒருநாள் இரண்டு புத்தகங்களைத் தூக்கிக் காட்டி, எது நல்லது என்று கேட்டார். ஒன்று தளபதிகளின் வீரம், தடித்த அட்டை. மற்றது சாதாரணச் சிப்பாய்கள் சப்பாத்தில்லாமல் நடந்ததும், பசியில் தப்பி ஓடியதும், அகழி வெட்ட அடிமைகளை இழுத்து வந்ததும்.

"இரண்டாவதை எடுங்கள். முதலாவதில் அடிமை என்ற சொல்லையே தேடிப் பிடிக்க வேண்டும்" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கள் சண்டையைப் பற்றி உனக்கென்ன தெரியும்? நீ எந்த ஊர்?"

"இலங்கை. சண்டைக்குள் இருந்துதான் வந்தேன். நீங்கள் எந்த ஊர்?"

தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பிக்கரிங்." அது ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊர்.

முறைப்பாடு

அவர் நேரே ஹெலனிடம் போய்ச் சொல்லிவிட்டார். "விற்பதுதான் உன் வேலை, தீர்ப்புச் சொல்வதல்ல" என்று அவள் கத்தினாள். அந்த வேலை போனால் வேறு வேலை இல்லை. ஆனாலும், "கேட்டால் உண்மையைச் சொல்லுவேன். பொய் சொல்ல வேறு ஆளைப் பாருங்கள்" என்றேன்.

அவள் இரண்டு புத்தகங்களையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த கிழமை வந்து, தளபதிகளைத் தட்டின் அடிவரிசையில் செருகிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கேட்டால் சொல். கேட்காவிட்டால் வாயை மூடு."

மரியதாஸ் அண்ணை

ரொறன்ரோவிலேயே மோர்னிங்சைட் பக்கம் இருந்த மன்னார்க்காரர். இங்கிலீஷ் பழக வாசிப்பார். "வீரமான புத்தகமாப் பாத்துத் தா பிள்ளை" என்றார்.

இரண்டையும் முன்னால் வைத்தேன். "அண்ணை, இதில எப்பிடிச் சண்டை பிடிச்சவை எண்டு இருக்கு. உதில, ஆருடைய பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போனவை எண்டு இருக்கு."

படைக்கு ஆள் பிடிக்க வந்தபோது தாய்மார் மகன்களைக் காட்டுக்குள் ஒளித்து வைத்த பக்கம் அவர் கையில் விரிந்தது. நின்றபடியே வாசித்தார். பிறகு தடித்ததைத் தள்ளி வைத்தார்.

"தம்பி ஒருத்தன் இன்னும் ஊரில நிக்கிறான் பிள்ளை. வீரம் வேண்டாம், உந்தப் புத்தகத்தையே தா."

கெட்டிக்கார விற்பனைக்காரி என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை, அந்தப் பெயர் இல்லாமலே நானாக விலகும்வரை ஒழுங்காகச் சம்பளம் வந்தது.