என் சுற்றைக் கொடுங்கள்

அந்தக் காரின் இரண்டாவது கியர் நிற்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைப் பராமரித்தவர்களுக்குத் தெரியும். முதல் நாள் அதை ஓட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும். அவனுடைய அப்பாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அது என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியொன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். அங்கே சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத்தான் முதலில் சேர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்து எங்களை வளர்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் ஸ்டியரிங்கைத் தொட்ட முதல் ஆள் நான். நாற்பதை நெருங்கும்போது கார் பந்தயம் பிடித்துக்கொண்டது. வருடத்துக்கு இரண்டு மூன்று பந்தயம், அவ்வளவுதான். எல்லாம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஓடுதளத்தில். அதன் ஒவ்வொரு வளைவும் எனக்கு எங்கள் தெருவைப் போலத் தெரியும்.

திருவள்ளூர் தாண்டி, திருவாலங்காடு போகும் பக்கம் யாரோ புதிதாக ஒரு ஓடுதளம் போட்டிருந்தார்கள். அதன் முதல் பந்தயத்துக்கு என்னைப் போன்ற கத்துக்குட்டிகளுக்கும் ஒரு பிரிவு வைத்தார்கள். சொந்தக் கார் வேண்டாம். ஒரே மாதிரியான கார்களை அவர்களே வாடகைக்குத் தருவார்கள். சனிக்கிழமை தகுதிச் சுற்று, ஞாயிறு பந்தயம். தகுதிச் சுற்று என்றால், கொடுத்த நேரத்துக்குள் எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓட்டலாம். அதில் நம்முடைய வேகமான ஒரு சுற்றை வைத்து மறுநாள் யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்று முடிவு செய்வார்கள்.

வெள்ளிக்கிழமை பழகிப் பார்க்க நேரம் தந்திருந்தார்கள். அன்று துறைமுகத்துக்கு ஒரு கன்டெய்னர் போக வேண்டியிருந்ததால் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. போன் செய்து கேட்டேன். "கவலைப்படாதீங்க மேடம், சனிக்கிழமை காலையில அரை மணி நேரம் பிராக்டிஸ் இருக்கு" என்றார் ஒருங்கிணைப்பாளர். அதை நம்பி, அத்திப்பட்டில் இருக்கும் என் அக்காவையும் கூட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினேன். அக்கா அங்கே அனல்மின் நிலைய கேன்டீனில் சமைக்கிறாள். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் நான் ஓட்டும் எல்லாப் பந்தயத்துக்கும் வருவாள், வந்து திட்டுவாள்.

காலைப் பிராக்டிஸ் நடக்கவில்லை. ரிப்பன் வெட்ட வேண்டிய சிறப்பு விருந்தினர் வந்து சேரவில்லை. அவர் வரும்வரை தளத்தில் எந்தக் காரும் இறங்கக்கூடாதாம். வெயிலில் நின்றோம். சரி, நடந்தாவது பார்க்கலாம் என்று நானும் அக்காவும் ஓடுதளத்தில் இறங்கினோம். பாதிகூடப் போயிருக்க மாட்டோம், காவலாளி ஓடிவந்து தடுத்தார். விருந்தினருக்குக் கம்பளம் விரித்திருக்கிறார்களாம், அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாதாம். ஆக, மிச்சப் பாதி எப்படி வளைகிறது என்று தெரியாமலே திரும்பினேன்.

என் காருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் குனிந்து, கதவில் ஒட்டியிருந்த என் பெயரையும் எண்ணையும் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பண்றீங்க?" என்றேன்.

ஒருங்கிணைப்பாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "ஒரு சின்ன சேஞ்ச் மேடம். இந்தக் கார் அந்தத் தம்பிக்கு. அவரு கார் உங்களுக்கு. எல்லாம் ஒரே கார்தான்."

"ஒரே காருன்னா அவரு காரையே அவரு ஓட்டட்டுமே?"

அதற்கும் சிரித்தார். பின்னால் அந்தத் தம்பி நின்றுகொண்டிருந்தான். இருபது வயது இருக்கும். மஞ்சள் ஹெல்மெட், மஞ்சள் ஷூ. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அவன் அப்பா. பந்தயத்துக்குப் பணம் போட்டவர்களில் அவரும் ஒருவர் என்று பிறகு தெரிந்தது.

"இன்னாடி இது, இஸ்கூல் பஸ்ல சீட்டு மாத்துற மாதிரி மாத்திக்கினு இருக்கானுங்க?" என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. நான்தான் அவளை அடக்கினேன். விருந்தினர் ஒருவழியாக வந்து ரிப்பன் வெட்டிவிட்டார், தகுதிச் சுற்றுக்கு நேரமாகிவிட்டது. சண்டை போட்டால் கவனம் சிதறும், ஓட்ட முடியாது என்று நினைத்தேன்.

முதல் சுற்றை மெதுவாகப் போனேன். நடக்க விடாத அந்தப் பாதியில் ஒரு மேடு இருந்தது. மேட்டில் ஏறினால் எதிரே வானம்தான் தெரிகிறது. ஏறி இறங்கினவுடன் தளம் வலது பக்கம் மடங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதில் திரும்பினார்கள். நான் திணறினேன். அடுத்த சுற்றில் நேர்ப்பாதையின் நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. சிவப்புக் கொடி காட்டி எல்லோரையும் நிறுத்திவிட்டு, மூன்று பேர் கம்போடு அதைத் துரத்தினார்கள். கம்பளம் விரிக்க ஆள் இருந்தது, வேலி அடைக்க ஆள் இல்லை.

மறுபடி கிளம்பினோம். இப்போது கொஞ்சம் வேகம் கூட்டினேன். மேடு ஏறி, பிரேக் அழுத்தி, இரண்டாவது கியருக்கு இறக்கி வலப்பக்கம் ஒடித்தேன். டக்கென்று ஒரு சத்தம். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. பின் சக்கரங்கள் வழுக்கின. வானம், வேலி, தளம், மறுபடி வேலி. செம்மண்ணுக்குள் பின்பக்கமாகப் போய் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த நீலக் கார் நூலிழையில் தப்பிப் போனது.

ஊழியர்கள் வந்து தள்ளினார்கள். "புது டிராக்கு இல்ல மேடம், கொஞ்சம் பாத்துப் போங்க" என்றார் ஒருவர். கியர்க் கம்பியை இரண்டாவதில் போட்டு, கையை எடுத்துப் பார்த்தேன். இன்ஜின் உறுமியதும் அது துள்ளி வெளியே வந்தது. அப்போதுதான் காலையில் நடந்த அந்தச் சின்ன சேஞ்ச் என்னவென்று எனக்கு முழுதாகப் புரிந்தது. உடம்பெல்லாம் கொதித்தது. ஹெல்மெட்டுக்குள் என் வாயில் வந்த வார்த்தைகளை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் ஒருத்தி சொல்லக்கூடாது.

அதற்குமேல் இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, வளைவு முடியும்வரை கியரை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு கையால் திருப்பினேன். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. ஒரு சுற்று நன்றாக வந்துகொண்டிருந்தபோது மஞ்சள் ஹெல்மெட் முன்னால் வந்து, நான் இடது போனால் இடது, வலது போனால் வலது என்று மறித்துக்கொண்டே போனான். என்னிடமிருந்து வாங்கிய கார். அதைக்கூட அவனுக்கு வேகமாக ஓட்டத் தெரியவில்லை. கோபத்தில் அவனையே துரத்தினேன். பிரேக் போடும் இடத்தைத் தவறவிட்டேன். இன்னொரு சுற்று வீணாயிற்று.

கடைசியில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து அவனைப் போகவிட்டேன். எனக்கு முன்னால் தளம் காலியாகக் கிடந்தது. மேடு, வலது, அழுத்திய கை, பிறகு நீண்ட இடது வளைவு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வந்து சேர்ந்தன. அது நல்ல சுற்று. ஓட்டினவளுக்கு அது தெரியும், நேரம் காட்டும் பலகையைப் பார்க்கத் தேவையில்லை.

பலகையில் நான் பதினோராவது. எனக்குப் பின்னால் ஒரே ஒருவர். மஞ்சள் ஹெல்மெட் மூன்றாவது. ஒலிபெருக்கியில் அவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மேடையில் முதல் மூன்று பேருக்குத் தொப்பி போட்டுப் போட்டோ எடுத்தார்கள்.

அக்கா பார்வையாளர் கூடாரத்திலிருந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். "நீ மண்ணுல நின்னுக்கினு இருந்த இல்ல, அப்போ அங்க டிவியில உன் பேரு ஓடிக்கினே இருந்துச்சுடி! அந்தப் பையன் பேருதான் அசையாம நின்னுப்போச்சு. நானும் பேஜாராயி அங்க இருந்தவன்கிட்ட சொன்னேன். போம்மா, உனுக்குத் தெரியாதுன்றான்."

எனக்கு உடனே புரிந்தது. ஒவ்வொரு காருக்கும் அடியில் நேரத்தைப் பதிய ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கோட்டைத் தாண்டும்போது அது கணினிக்குச் செய்தி அனுப்பும். காலையில் கதவில் இருந்த பெயரை மாற்றினார்கள். பெட்டியை மாற்றவில்லை. நான் ஓட்டியதெல்லாம் அவன் கணக்கில் ஏறியிருக்கிறது. அவன் ஓட்டியது என் தலையில்.

ஒருங்கிணைப்பாளரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் மாறியது, பிறகு பழைய சிரிப்பு வந்தது. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது மேடம். முதல் தடவ இங்க ஓட்டறீங்க, பதினொண்ணே நல்ல ரிசல்ட்தான்."

"காரைத் தூக்கிப் பாருங்க."

"மேடம், போட்டோவெல்லாம் எடுத்தாச்சு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்களேன்."

வெள்ளைச் சட்டைக்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்க்காமல் அவரிடம் கேட்டார். "யாருப்பா இந்தம்மா? எந்த டீமு?"

"எந்த டீமும் இல்ல. நான்தான்" என்றேன். பிறகு அவர் பையனைப் பார்த்தேன். தொப்பியோடு நின்றுகொண்டிருந்தான். "தம்பி, நீ சொல்லு. இன்னிக்கு நீ மண்ணுல போயி நின்னியா?"

அவன் விழித்தான்.

"உன் பேரு அந்த மேட்டாண்ட ரொம்ப நேரம் நின்னுச்சாம். உன் கார் அங்க நின்னுச்சா இல்லியா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "ஞாபகம் இல்ல ஆன்ட்டி" என்றான்.

அன்று நடந்த எல்லாவற்றிலும் அதுதான் என்னை எரித்தது. கியரைவிட, சிரிப்பைவிட. மண்ணில் சுழன்று நின்றவனுக்கு அது ஞாபகம் இருக்காதா? நல்லதாக ஒரு சுற்று ஓட்டாதவனுக்கு, தான் ஓட்டவில்லை என்று தெரியாதா? நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. "என் சுத்தக் குடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னதாக அக்கா சொல்கிறாள். அந்த இரண்டு கார்களையும் கொட்டகைக்குத் தள்ள ஆட்கள் வந்தபோது, நான் ஒன்றின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா இன்னொன்றின் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"தள்ளுங்கடா பாக்கலாம்" என்றாள். "எங்கம்மா சேத்துல நின்னு வளத்த காலு. ஏத்திக்கினு போ."

கூட்டம் கூடியது. மற்ற ஓட்டுநர்கள் வந்தார்கள். பெரும்பாலானோர் வேடிக்கைதான் பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார். நீலக் காரை ஓட்டியவர் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சோழவரத்தில் லாரி வைத்திருப்பவர் என்று பின்னால் தெரிந்தது. "மேட்டுல சுத்தினது இந்த மேடம்தான் சார். நான் மயிரிழைல தப்பிச்சுப் போனேன். இந்தத் தம்பி அப்போ எனக்கு முன்னாடி போய்க்கினு இருந்தாரு" என்றார்.

அதன்பிறகுதான் தொழில்நுட்ப அதிகாரி என்று ஒருவரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் ஜாக்கி வைத்து ஒரு காரைத் தூக்கி, அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து மற்றதையும் தூக்கிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே ஒருங்கிணைப்பாளரிடம், "மாறித்தான் இருக்கு. மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு நேரம் எடுத்த சண்டை, அவர் வாயில் இரண்டு வார்த்தை.

பலகையில் பெயரை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் நான். ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. கேட்டேன். "நாளைக்கு ரேஸுக்கு முன்னாடி சொல்லிடறோம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். மன்னிப்பு என்ற சொல் எவர் வாயிலும் வரவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் காரில் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் கிளம்பும்போது அந்தப் பையன் தனியாக வந்தான். தொப்பி தலையில் இல்லை. "ஆன்ட்டி, சாரி. அப்பா இருந்தாரு, அதான்…"

"மண்ணுல நின்னது நீ இல்லன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் ஆன்ட்டி."

பரவாயில்லை என்று சொல்வேன் என எதிர்பார்த்து நின்றான். நான் சொல்லவில்லை. பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவும் இல்லை. இன்றுவரை தோன்றவில்லை. அவன் வயதை நினைத்து இரக்கப்படு என்று எங்கள் பாஸ்டர் சொன்னார். இரக்கப்படுவதை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் பந்தயத்துக்கு முன்னால் அவர்கள் எதையும் அறிவிக்கவில்லை. கியரைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னார்கள், அது இரண்டாம் சுற்றிலேயே பழையபடி துள்ளியது. ஒரு கையால் பிடித்தபடி ஓட்டி ஐந்தாவதாக வந்தேன். மஞ்சள் ஹெல்மெட் எங்கே வந்தான் என்று நான் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள், சொல்ல வந்தாள், வேண்டாம் என்றேன்.

வரும் வழியில் பெரியபாளையத்தில் நிறுத்தி டிபன் சாப்பிட்டோம். தோசையைப் பிய்க்க வலது கை ஒத்துழைக்கவில்லை, இடது கையால் பிளேட்டைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் மாத்திட்டானுங்க இல்ல. இன்னும் இன்னாத்துக்கு மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு இருக்க?"

"நாம உக்காரலன்னா மாத்தியிருப்பானுங்களாக்கா?"

அக்கா என் பிளேட்டைத் தன் பக்கம் இழுத்து, தோசையைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டு, மறுபடி என் பக்கம் தள்ளினாள்.