சனிக்கிழமை தேதியிட்ட மாடு

என் பிறந்தநாள் படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப்பக்கம் ஏதாவது ஒரு மாடு சாக வேண்டும். கேட்பவர்களுக்கு விநோதமாக இருக்கலாம், எங்கள் வீட்டில் அதுதான் நடைமுறை. அப்பா அரசாங்கக் கால்நடை மருத்துவர். இன்சூரன்ஸ் செய்த மாடு செத்துப்போனால் அவர்தான் போய் அறுத்துப் பார்த்துச் சான்று எழுத வேண்டும். இன்சூரன்ஸ் எண் போட்டுக் காதில் மாட்டிய வில்லை தெரியும்படி படமும் எடுக்க வேண்டும். அதற்கென்று வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிலிம் கேமரா. ரோலுக்கு முப்பத்தாறு படம். முப்பத்தாறும் தீராமல் கழுவக் கொடுப்பது அப்பாவைப் பொறுத்தவரை ஊதாரித்தனம். நான் கேக் வெட்டியதில் ஏழு படம் போயிருந்தால், மிச்சத்தை மாடுகள் வந்து நிரப்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் ரோல் சீக்கிரம் தீரும். கோடையில் இழுத்தடிக்கும். மாலையில் அப்பா வந்து செருப்பைக் கழற்றும்போதே ஓடிப்போய், இன்றைக்கு ஏதாவது மாடு செத்ததா என்று ஆசையாகக் கேட்பேன். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைத்ததில்லை.

ஸ்டூடியோக்காரர் படங்களை எடுத்த வரிசையிலேயே ஒரு சின்ன ஆல்பத்தில் செருகிக் கொடுப்பார். முதல் பக்கத்தில் காலை நீட்டிக் கிடக்கும் எருமை. அடுத்த பக்கத்தில் அதன் காது. அதற்கடுத்து பட்டுப்பாவாடையில் நான். அம்மா பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தபோது, மகளின் பிறந்தநாள் படங்களைக் காட்டும் ஆர்வத்தில் ஆல்பத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர்கள் போனதும் அப்பாவுக்குப் பூசை நடந்தது.

“செத்த மாட்டுக்கு நடுவுல எம்புள்ள கேக் வெட்டிக்கிட்டு நிக்குது. அவங்க காப்பிய பாதியில வெச்சிட்டுப் போயிட்டாங்க. இனி இந்த வூட்டுல ரோல் கேமராவே வேணாங்க.”

அப்பா எதிர்த்துப் பேசவில்லை, ஏனென்றால் அவருக்கும் ஒரு சிக்கல் வந்திருந்தது. செத்த நாளைக் காட்டுவதற்காக என் பழைய சிலேட்டில் தேதியை எழுதி மாட்டின் தலைக்கருகே வைத்துத்தான் அவர் படம் எடுப்பார். சிலேட்டில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம், இனிமேல் தேதி படத்திலேயே விழ வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அப்பா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உர்ரென்று இருந்தார். மருந்துச் சீட்டில் ஒரு எழுத்துத் தவறினாலும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுகிற மனிதர். தன் சிலேட்டைச் சந்தேகப்பட்டுவிட்டார்களே என்கிற ரோஷம். ஆகவே டிஜிட்டல் கேமரா வாங்குவது என்பதில் வீட்டில் மூன்று பேரும் ஒரே மனதாக இருந்தோம். அம்மாவுக்கு மாடு தனியாக, மகள் தனியாக இருக்க வேண்டும். அப்பாவுக்குத் தேதி விழ வேண்டும். ஆறாம் வகுப்பில் இருந்த எனக்கு, மாடு எதுவும் சாகாமல் படத்தை உடனே பார்க்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை பொம்மிடியில் பாசஞ்சர் ஏறிச் சேலத்துக்குப் போனோம். மத்தியான வண்டியில் திரும்பிவிட வேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பு. அன்று சாயங்காலத்துக்குள் அவர் வத்தல்மலை ஏற வேண்டியிருந்தது. மேலே ஒரு பெண், மகளிர் குழுக் கடனில் வாங்கிய ஒற்றைக் கறவை மாட்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். அந்த மாட்டின் இன்சூரன்ஸ் அன்றைக்கு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் டாக்டர் மாட்டைப் பார்த்துச் சான்று எழுதித் தர வேண்டும். வருகிறேன் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். மலைக்கு அப்போது நல்ல சாலை கிடையாது, அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். காலையில் கேமரா, மத்தியானம் மலை என்று கணக்குப் போட்டிருந்தார். ரயிலில் மட்டும் நான்கு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதல் கடையில் ஒரு பையன் கேமராக்களை வரிசையாக எடுத்து வைத்து மெகாபிக்சல், ஜூம் என்று பொழிந்து தள்ளினான். அப்பா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தேதி விழுமா என்று மட்டும் கேட்டார். அம்மா, சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற செல்லே இதற்கும் போதுமா என்று கேட்டாள். பிறகு அப்பா நெகட்டிவ் எங்கே இருக்கும் என்றார். பையன் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் அட்டையைக் காட்டினான். அழித்துவிட்டால்? அழித்தால் அழிந்ததுதான், வேறெங்கும் இருக்காது என்றான். அப்பா அந்த அட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நம்பிக்கையில்லாமல் பார்த்தார். இருந்தாலும் பத்தே நிமிடத்தில் வெள்ளி நிறத்தில் ஒன்றை முடிவு செய்துவிட்டார். தேதி விழும், செல்லில் ஓடும், விலையும் கைக்கு அடக்கம்.

அந்த நேரம் பார்த்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சிவப்புக் கேமரா என் கண்ணில் பட்டுத் தொலைத்தது. குங்குமச் சிவப்பு. அதை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். அதில் தேதி விழாது என்றான் பையன். அப்பா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் தரையில் புரண்டு அழும் ரகம் இல்லை. வாயை மூடிக்கொள்ளும் ரகம். மூடிக்கொண்டேன். அம்மாவிடம் இந்த வித்தை செல்லாது. அப்பாவிடம் மட்டும் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பையனிடம், சிவப்பாகவும் இருந்து தேதியும் விழுகிற மாதிரி வேறு எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாவது கடையில் இல்லை. மூன்றாவது கடைக்கு வெயிலில் நடந்தே போனோம். அங்கே இருந்தது. கடைக்காரர் சோதித்துக் காட்டுவதற்காக எங்கள் மூன்று பேரையும் கல்லாவுக்கு முன்னால் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். படம் எடுக்கிறவர் எப்போதும் அப்பாவே என்பதால், நாங்கள் மூவரும் சேர்ந்து நிற்கிற படம் எங்கள் ஆல்பம் எதிலும் கிடையாது. இதுதான் முதல். கையடக்கத் திரையில் நடுவில் நான், பக்கத்தில் அம்மா, எனக்குப் பின்னால் அப்பா, அவர் கை என் தலைமேல். வலது ஓரத்தில் ஆரஞ்சு எழுத்தில் அன்றைய தேதி. நான் மேலும் கீழும் குதித்தேன். அப்பாவும் சிரித்தார். அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தபோது மத்தியான வண்டி போய்விட்டிருந்தது.

சாயங்கால வண்டியில் அவர் உட்காரவே இல்லை, பொம்மிடி வரும்வரை வாசலருகே நின்றுகொண்டு வந்தார். இறங்கியபோது இருட்டிக்கொண்டிருந்தது. ஞாயிறு இன்சூரன்ஸ் ஆபீஸ் இருக்காது, திங்கட்கிழமை முதல் வேலையாக மலைக்குப் போய்விடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று அம்மாவும் சமாதானம் சொன்னாள். ஞாயிறு முழுக்க நான் கேமராவோடு வந்த புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். வடை சுடும் அம்மாவை எடுத்தேன், தெருநாயை எடுத்தேன், கேட்டில் காயும் துண்டை எடுத்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று அந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தப் பெருமையில் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது வத்தல்மலையிலிருந்து அந்தப் பெண் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பாதம் முழுக்கச் செம்மண். அம்மா கொடுத்த டீயைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே வந்ததும் எழுந்து நின்றாள்.

“மாடு போயிருச்சுங்க சார். நேத்து பாறையில சறுக்கி வுழுந்திருச்சு. சனிக்கெழம நீங்க வருவீங்கன்னு மேய்ச்சலுக்கு வுடாம நாளு பூரா கட்டியே வெச்சிருந்தனுங்க. போட்ட தீனி பத்தல. நேத்து அவுத்து வுட்டதும் பச்சையப் பாத்து சரிவுக்கு ஓடிருச்சு.”

அவள் குறையாக எதுவும் சொல்லவில்லை. நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்கிற மாதிரி, நடந்ததை வரிசையாகச் சொன்னாள், அவ்வளவுதான். அப்பா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். மேசைமேல் இருந்த கேமராவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“பாப்பா, இதுல தேதிய எப்படி மாத்தறது?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா என்னிடம் பாடம் கேட்கிறார். மூன்று பொத்தான் அழுத்தித் தேதி வரும் இடத்தைத் திறந்து, மேலே அழுத்தினால் நாள் கூடும், கீழே அழுத்தினால் குறையும் என்று டீச்சர் மாதிரி விளக்கினேன். அவர் சனிக்கிழமைக்கு வைக்கச் சொன்னார். இன்றைக்குத் திங்கட்கிழமை என்று நான் திருத்தினேன். அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, வை என்றார். இரண்டு தடவை கீழே அழுத்தினேன். கச்சிதமாக வைத்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பெண்ணோடு கிளம்பிப் போனார்.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து, அம்மா எனக்கு இதைச் சொன்னாள். மாடு செத்தது ஞாயிற்றுக்கிழமை. இன்சூரன்ஸ் முடிந்தது சனிக்கிழமை. ஒரு நாள் முன்னால் செத்திருந்தால் பணம் வரும், இல்லாவிட்டால் மாடும் போய்க் கடனும் நிற்கும். அப்பா சனிக்கிழமை என்று எழுதினார். மலையில் எல்லாருக்கும் உண்மை தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பணம் வந்தது, அந்தப் பெண் வேறு மாடு பிடித்தாள். ஒரு பை சாமை கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா அதில் ஒரு பருக்கை தொடவில்லை. சில மாதத்தில் அந்தச் சிவப்புக் கேமராவின் லென்ஸ் சிக்கிக்கொண்டது. உத்தரவாதம் இருந்தும் பழுது பார்க்க முடியவில்லை, பில்லைக் காணோம். பஸ் டிக்கெட்டைக்கூடக் கோப்பில் வைக்கிற மனிதர் கேமரா பில்லைத் தொலைத்துவிட்டார் என்று அப்போது அம்மா ஆச்சரியப்பட்டிருக்கிறாள். பில்லிலும் சனிக்கிழமைத் தேதி. வத்தல்மலையில் மாட்டை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதிக் கொடுத்த டாக்டர், அதே நாளில் சேலத்துக் கடையில் நின்றதற்கு அது சாட்சி. மாட்டின் விலை முழுவதையும் தன் கையிலிருந்தே கொடுத்திருக்கலாமே என்று நானே யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதச் சம்பளத்தைக் கேமராவில் போட்ட வாரம் அது. அவர் செய்தது சரியா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. அந்தச் சனிக்கிழமையை யார் தின்றார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை மாலை அப்பா மலையிலிருந்து திரும்பினார். முழங்கால்வரை சேறு. காப்பியைத் தொடவில்லை. வெளிக்கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் கேமராவைக் கையில் வைத்துப் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்தார். காலையில் நான் சொல்லிக்கொடுத்ததைப் பழகுகிறார் என்று நினைத்து எனக்கு மகிழ்ச்சி. அவர் கைகால் கழுவப் போனதும் எடுத்துப் பார்த்தேன். மாடு முன்பக்கம், மாடு பக்கவாட்டில், மாட்டின் காது. வடை சுடும் அம்மா இருந்தாள், தெருநாய் இருந்தது, கேட்டில் காயும் துண்டுகூட இருந்தது. கடையில் எடுத்த படம் மட்டும் இல்லை.

நான் அழுது போட்ட சத்தத்தில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அப்பாவும் ஈரக்கையோடு வந்து நின்றார். என்னங்க ஆச்சு என்று அம்மா கேட்டதற்கு, கை தவறிப் பட்டு அழிந்துவிட்டது என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தவள் நான்.

“கை தவறியெல்லாம் அழியாதும்மா. அழிக்கவான்னு அதுவே கேக்கும். ஆமான்னு அமுக்குனாத்தான் அழியும். அப்பா பொய் சொல்றாரு.”

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பாவைப் பார்த்து அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்பா அவளைத் தடுத்துவிட்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் கண் என் முகத்துக்கு நேராக இருந்தது.

“அடிக்காத வுடு. பாப்பா சொல்றது நெசந்தான். பொய்தான் சொன்னேன்.”

எனக்கு அழுகை நின்றுவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன். அப்பா என்னிடம் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் பெருமையடித்தேன். படம் போன வருத்தத்தைக்கூட அந்தப் பெருமை பாதி ஆற்றிவிட்டது. அவர் ஒப்புக்கொண்டது எந்தப் பொய்யை என்று அப்போது எனக்குத் தெரியாது.